எங்கோ மாறும் காற்று, இங்கே சூடேறும் கடல்

வாசகர் கேள்வி – பதில்

பவளப்பாறைகள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைத் தொடர்ந்து, கடல்நீரின் வெப்பநிலை குறித்துப் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்துள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை இந்த முறை ஒரே இடத்தில் தொகுத்துப் பதிலளிக்கிறோம்.

கேள்வி: 2016ஆம் ஆண்டுக் கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்துப் போனதற்கு எல் நினோ ஒரு காரணம் என்று எழுதியிருந்தீர்கள். எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடுவில் நீர் சூடாவதுதானே? அந்தச் சூடான நீர் இவ்வளவு தூரம் எப்படி வந்து சேர்கிறது? இடையில் இந்தோனேசியத் தீவுகள் மறித்து நிற்கின்றனவே? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: அந்த நீர் இங்கே வந்து சேர்வதில்லை. எல் நினோவை அளக்கும் பசிபிக்கின் நடுப்பகுதிக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் இருக்கிறது. எல் நினோ பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி உச்சத்தை அடைகிறது. இந்தியப் பெருங்கடல் அடுத்து வரும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பரவலாகச் சூடேறுகிறது. மூன்று, நான்கு மாதங்களில் எந்த நீரோட்டமும் இத்தனை தூரத்தைக் கடக்க முடியாது. ஒரு கடலில் நேர்ந்த மாற்றத்தை மற்றொரு கடலுக்குக் கொண்டு சேர்ப்பது காற்று மண்டலமே ஆகும். ஆய்வாளர்கள் இதற்கு ‘வளிமண்டலப் பாலம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

வழக்கமான ஆண்டுகளில், உலகக் கடல்களிலேயே மிகவும் சூடான நீர்ப்பரப்பு இந்தோனேசியாவைச் சுற்றியும் மேற்குப் பசிபிக்கிலும் இருக்கிறது. அங்கே ஈரக்காற்று மேலெழுந்து, பெரும் மேகங்களாகத் திரண்டு, மழையைக் கொட்டிவிட்டு, உயரத்தில் இரு பக்கமும் பிரிந்து சென்று, தொலைவில் கீழிறங்குகிறது. எல் நினோ காலத்தில் சூடான நீர் நடுப் பசிபிக்குக்கும் கிழக்குப் பசிபிக்குக்கும் நகர்வதால், காற்று மேலெழும் இடமும் அதனுடன் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. முன்பு காற்று மேலெழுந்துகொண்டிருந்த இந்தோனேசியாவின் மீதும் கிழக்கு இந்தியப் பெருங்கடலின் மீதும் இப்போது காற்று கீழிறங்கத் தொடங்குகிறது. கீழிறங்கும் காற்று மேகம் திரளவிடாது. வானம் வெளுத்து, வெயில் தங்கு தடையின்றிக் கடல்மேல் விழுகிறது. கிழக்கு இந்தியப் பெருங்கடலும் தென்சீனக் கடலும் சூடேறுவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இந்த மாற்றம் எவ்வளவு சிறியது என்பதையும், அது சேர்ந்து சேர்ந்து எவ்வளவு பெரிதாகிறது என்பதையும் ஒரு கணக்கைக் கொண்டு பார்ப்பது நல்லது. மேகம் குறைந்ததாலோ ஆவியாதல் குறைந்ததாலோ ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பில் வழக்கத்தைவிட 10 வாட் வெப்பம் கூடுதலாகத் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் அதே ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் அளவுக்கு ஆற்றல் விழுகிறது என்பதால், 10 வாட் ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆனால் அந்த 10 வாட் இரவும் பகலும் 90 நாள்கள் சேர்ந்தால் 7.8 கோடி ஜூல் ஆகிறது. கடலின் மேல் 50 மீட்டர் நீர் ஒன்றாகக் கலந்திருக்குமானால், அந்த ஆற்றல் அதை ஏறத்தாழ 0.4 டிகிரி செல்சியஸ் சூடாக்கும். கலந்திருக்கும் அடுக்கு 25 மீட்டர் மட்டுமே என்றால் உயர்வு இரு மடங்காகும். எல் நினோவுக்குப் பின் இந்தியப் பெருங்கடலில் அளக்கப்படும் பரவலான உயர்வும் பெரும்பாலும் அரை டிகிரிக்கு உட்பட்டதே.

அரை டிகிரிக்காக இவ்வளவு கவலையா என்று கேட்கத் தோன்றலாம். பவளத்தைப் பொறுத்தவரை அந்த அரை டிகிரிதான் வாழ்வும் சாவும். பவள உயிரிகள் தாம் வாழும் இடத்தின் மிகச் சூடான மாதத்துக்குரிய சராசரி வெப்பநிலையின் விளிம்பிலேயே வாழ்ந்து பழகியவை. அந்தச் சராசரிக்கு மேல் 1 டிகிரி உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே, தமக்குள் குடியிருந்து உணவூட்டும் நுண்பாசிகளை அவை வெளியேற்றிவிட்டு வெள்ளையாகின்றன. மன்னார் வளைகுடாவில் ஏப்ரலும் மேயும், தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பதற்கு முன், எப்படியும் ஆண்டின் மிகச் சூடான காலம். தொலைவிலிருந்து வரும் உயர்வு மிகச் சரியாக அந்த மாதங்களிலேயே வந்து சேர்வதுதான் இங்குள்ள கேடு. 1998, 2010, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இங்கே பவளம் வெளுத்தது. மூன்றுமே எல் நினோ உச்சம் கண்ட குளிர்காலத்தை அடுத்து வந்த கோடைகள்.

மேற்கு இந்தியப் பெருங்கடலின் கதை சற்று வேறானது. செஷல்ஸ் தீவுகளிலிருந்து சாகோஸ் தீவுகள் வரையிலான பகுதியில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, குளிர்ந்த அடிநீர் மேற்பரப்புக்கு மிக அருகிலேயே இருக்கிறது. எல் நினோ காலத்தில் இந்தியப் பெருங்கடலின் மீது கிழக்கிலிருந்து வீசும் காற்று வலுப்பெற்று, கடலுக்குள்ளேயே மிக மெதுவாக மேற்கு நோக்கி நகரும் பேரலைகளை உண்டாக்குகிறது. கரையில் நின்று பார்க்கும் அலைகள் அல்ல இவை. மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் உயரமே தெரியும். ஆழத்தில் சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் இடையிலுள்ள எல்லையைப் பத்துக்கணக்கான மீட்டர் கீழே தள்ளிவிடும். மாதங்கள் கழித்து அவை செஷல்ஸ் பக்கம் வந்து சேரும்போது குளிர்நீர் மேலே வருவது குறைந்து, அந்தக் கடலும் சூடாகிறது. ஆக, ஒரே எல் நினோ இந்தியப் பெருங்கடலின் கிழக்கே வெயிலின் வழியாகவும், தென்மேற்கே கடலலையின் வழியாகவும் வேலை செய்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடல் முழுவதும் ஒரே காரணத்தால் சூடானதைப் போலத் தெரிவது இதனால்தான்.

பசிபிக் குளிர்ந்த பிறகும் இந்தச் சூடு இந்தியப் பெருங்கடலில் அடுத்த கோடைவரை தங்குகிறது. அங்கிருந்து மேற்குப் பசிபிக்கின் காற்றையும் சீனாவின் மழையையும் மாற்றுகிறது. 1998ஆம் ஆண்டுக் கோடையில் யாங்சி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தில் இதற்குப் பங்கு இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: எல்லாமே எல் நினோவிலிருந்துதான் தொடங்குகிறதா? வெப்பமண்டலத்துக்கு வெளியே, ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளில் நிகழும் வானிலை மாற்றம் வெப்பமண்டலக் கடலைச் சூடாக்க முடியுமா? (ஒரு கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: முடியும். 2010ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலில் நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்லலாம்.

வட அட்லாண்டிக்கில் இரண்டு காற்றழுத்த அமைப்புகள் எதிரெதிராக நிற்கின்றன. ஐஸ்லாந்துக்கு அருகே தாழ்வழுத்தம். போர்ச்சுகலுக்கு மேற்கே அசோர்ஸ் தீவுகளை ஒட்டி உயர் அழுத்தம். இரண்டும் ஒருசேர வலுப்பதும் ஒருசேரத் தளர்வதுமாக இருப்பதற்கு வட அட்லாண்டிக் ஊசலாட்டம் என்று பெயர். ஐரோப்பியர்கள் இதைத் தங்கள் குளிர்காலத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் அசோர்ஸ் உயர் அழுத்தத்தின் தெற்கு விளிம்புதான் ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியன் நோக்கி வீசும் வியாபாரக் காற்றின் பிறப்பிடம். அந்த உயர் அழுத்தம் தளர்ந்தால் வியாபாரக் காற்றும் தளரும்.

காற்று தளர்ந்தால் கடல் ஏன் சூடாகிறது? மண்பானைத் தண்ணீர் காற்றோட்டமான இடத்தில் குளிர்வதும் புழுக்கமான மூலையில் குளிராமல் இருப்பதும் நாம் அறிந்ததே, அதே விதிதான். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை மேற்பரப்பு நீரே தருகிறது. வெப்பமண்டலக் கடல்கள் வெயிலில் பெறும் வெப்பத்தில் பெரும்பங்கை இந்த ஒரு வழியில்தான் இழக்கின்றன. காற்றின் வேகம் சற்றுக் குறைந்தாலும் ஆவியாதல் குறைந்து, வெளியேற வேண்டிய வெப்பம் நீரிலேயே தங்கிவிடுகிறது. அத்துடன், பலமான காற்று ஆழத்துக் குளிர்நீரைக் கிளறி மேலே கலப்பதும் நின்றுவிடுகிறது.

2009–10 குளிர்காலத்தில் இரண்டு தொலைவு மாற்றங்கள் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன. வட அட்லாண்டிக் ஊசலாட்டம், பதிவுகளில் உள்ள மிகத் தளர்ந்த நிலைகளுள் ஒன்றை எட்டியது. ஐரோப்பா கடுங்குளிரில் உறைந்தது. அதே நேரத்தில் பசிபிக்கில் எல் நினோ நடந்துகொண்டிருந்தது. எல் நினோவும் தன் பங்குக்கு, பசிபிக்கின் மேலேயும் வட அமெரிக்காவின் மேலேயும் அழுத்தத்தை மாற்றி, சில மாதங்கள் கழித்து வட அட்லாண்டிக்கின் வியாபாரக் காற்றைத் தளர்த்தும் இயல்புடையது. இரண்டும் சேர்ந்ததில், 2010ஆம் ஆண்டு வெப்பமண்டல வட அட்லாண்டிக் அதுவரை பதிவாகாத அளவுக்குச் சூடானது. கரீபியன் தீவுகளில் பவளம் வெளுத்தது. அந்த ஆண்டு அட்லாண்டிக்கில் பெயரிடப்பட்ட புயல்கள் 19. அவற்றுள் 12 சூறாவளிகளாக வலுத்தன. மழை தரும் காற்றுப் பட்டை சூடான வடக்குப் பக்கம் இழுபட்டதால் அமேசான் காடுகள் வறண்டன. மனாவுஸ் நகரில் ரியோ நெக்ரோ ஆறு, நூறாண்டுக்கும் மேலான அளவீடுகளில் அதுவரை இல்லாத தாழ்ந்த மட்டத்தைத் தொட்டது. ஐரோப்பாவில் பனி கொட்டிய குளிர்காலத்துக்கும் பிரேசிலில் படகு தரைதட்டிய ஆற்றுக்கும் இடையில் நின்றது, சற்றே கூடுதலாகச் சூடேறிய ஒரு கடற்பரப்பு.

இந்த இடத்தில் கில்பர்ட் வாக்கரைக் குறிப்பிடாமல் போவது நியாயமாகாது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற அவர் 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1899இல் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்து சென்ற காலம் அது. பருவமழையை முன்கூட்டியே அறிவது அரசின் கவலையாக இருந்தது. உலகெங்கும் இருந்து காற்றழுத்தம், மழை, வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுக் கணக்கிட இந்தியக் கணக்கர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் கையாலேயே உழைத்தார்கள். அந்த உழைப்பிலிருந்து வந்தவையே பசிபிக்கின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும் தென் ஊசலாட்டம், வட அட்லாண்டிக் ஊசலாட்டம், வட பசிபிக் ஊசலாட்டம் ஆகிய மூன்றும். இவை ஏன் நிகழ்கின்றன என்று அவரால் அன்று விளக்க முடியவில்லை. காரணம் தெரியாத எண்களை நம்ப அக்கால அறிஞர்கள் பலர் தயங்கினார்கள். நார்வேயைச் சேர்ந்த வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னெஸ் 1960களின் இறுதியில்தான் தென் ஊசலாட்டமும் எல் நினோவும் ஒரே நிகழ்வின் காற்றுப் பக்கமும் கடல் பக்கமும் என்று காட்டி, பசிபிக்கின் அந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே சூட்டினார். இந்தியப் பருவமழைக்காகத் தொடங்கிய தேடல் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் புரிந்துகொள்ளும் வழியாக ஆனதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கணக்கர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் இல்லாதது எனக்கு என்றும் ஒரு குறையாகவே தோன்றுகிறது.

கேள்வி: எல் நினோ உலகையே ஆட்டுகிறது என்றால், எல் நினோவைத் தூண்டுவது எது? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: பல தூண்டுதல்கள் உண்டு. பெரும்பகுதி வெப்பமண்டலப் பசிபிக்குக்குள்ளேயே, நீருக்குள் சேர்ந்திருக்கும் வெப்பத்திலும் மேற்குப் பசிபிக்கில் திடீரென எழும் மேற்குக் காற்றிலும் இருக்கிறது. எனினும் வடக்கிலிருந்தும் ஒரு தூண்டுதல் வருகிறது என்பது கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது. அந்த வழி அழகானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வாக்கர் பெயரிட்ட மூன்றாவது ஊசலாட்டமான வட பசிபிக் ஊசலாட்டம், அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தாழ்வழுத்தத்துக்கும் ஹவாய்ப் பக்கத்து அழுத்தத்துக்கும் இடையிலானது. ஒரு குளிர்காலத்தில் ஹவாய்ப் பக்கம் அழுத்தம் குறைந்தால், கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் நோக்கி வீசும் வடகிழக்கு வியாபாரக் காற்று தளர்கிறது. முந்தைய பதிலில் கண்டபடி அந்தப் பகுதியின் கடல் சூடாகிறது. குளிர்காலம் முடிந்ததும் காற்று பழைய நிலைக்குத் திரும்பிவிடும்; காற்றுக்கு நினைவு கிடையாது, சில வாரங்களில் எல்லாவற்றையும் மறந்துவிடும். கடலுக்கு நினைவு உண்டு. காற்று விட்டுச்சென்ற அந்தச் சூடான திட்டு வசந்தத்திலும் தங்கியிருக்கிறது.

அடுத்து நடப்பதுதான் முக்கியமானது. சூடான திட்டின் மேல் அழுத்தம் குறைவதால், தென்மேற்கிலிருந்து காற்று அதை நோக்கி இழுக்கப்படுகிறது. அங்கே வழக்கமாக வீசும் காற்றோ வடகிழக்கிலிருந்து வருவது. எதிரெதிர்த் திசைகள் மோதும்போது திட்டின் தென்மேற்குப் பக்கத்தில் காற்றின் வேகம் குறைகிறது. அங்கே ஆவியாதல் குறைகிறது. அங்கேயும் கடல் சூடாகிறது. இவ்வாறு ஒவ்வொரு கட்டமாகச் சூடு தென்மேற்கே நகர்ந்து, சில மாதங்களில் நிலநடுக்கோட்டை எட்டுகிறது. அங்கு வியாபாரக் காற்று தளர்ந்தால், மேற்கே குவிந்திருக்கும் சூடான நீர் கிழக்கே நகர வழி திறக்கிறது. ஒரு குளிர்காலத்தில் அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் இடையே நடந்த அழுத்த மாற்றம், அடுத்த குளிர்காலத்தில் எல் நினோவாக முடியக்கூடும். 2014–15இல் வடகிழக்குப் பசிபிக் பெருமளவு சூடாகியிருந்ததும், அதன்பின் 2015–16இல் பதிவுகளிலேயே மிக வலுவான எல் நினோக்களுள் ஒன்று வந்ததும் இந்த வழிக்குப் பொருந்துகின்றன.

ஆனால் இது கட்டாயமான சங்கிலி அல்ல. எத்தனையோ குளிர்காலங்களில் அந்தத் திட்டு பாதி வழியிலேயே கரைந்துபோகிறது. இத்தகைய தொடர்புகளைப் படிக்கும்போது ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்று எடுத்துக்கொள்ளாமல், ‘இது நடந்தால் அது நடக்கும் வாய்ப்பு கூடுகிறது’ என்று எடுத்துக்கொள்வதே சரி.

கேள்வி: எல் நினோ வந்தால் இந்தியப் பெருங்கடல் எப்போதும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளுமா? ‘இருமுனை’ என்கிறார்களே, அது வேறா? (ஓர் ஆசிரியை, யாழ்ப்பாணம்)

பதில்: வேறுதான், ஆனால் முற்றிலும் தனித்ததும் அல்ல. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்பது, ஆகஸ்டு முதல் நவம்பர் வரையிலான காலத்தில் சுமத்ரா கரையில் கடல் குளிர்ந்து, ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் சூடாவது. இதை 1999இல் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். எல் நினோ ஆண்டுகளில் இந்தோனேசியாவின் மேல் காற்று கீழிறங்குவதால், சுமத்ரா கரையிலிருந்து மேற்கே தள்ளும் காற்று வலுத்து, இருமுனை உருவாக வசதி ஏற்படுகிறது. 1997இல் அப்படித்தான் நடந்தது. அந்த ஆண்டின் எல் நினோ மிகக் கடுமையானதாக இருந்தும், இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சராசரிக்குச் சற்று மேலேயே, 102 சதவீதமாகப் பெய்தது. பசிபிக் தடுத்ததை நம் பக்கத்துக் கடலே ஈடுசெய்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

2019இல் பசிபிக்கில் வலுவான எல் நினோ எதுவும் இல்லாமலேயே மிக வலுவான இருமுனை வந்தது. ஆகவே தொலைவுத் தாக்கம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு கடலும் தன் சொந்தக் காற்றோடும் நீரோடும் நடத்தும் உரையாடல் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் குரல் சில ஆண்டுகளில் அதை மேலும் உரக்கச் செய்கிறது, சில ஆண்டுகளில் அமுக்கிவிடுகிறது. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் இத்துறையின் மிகக் கடினமான பணி.

கேள்வி: காற்றுதான் பாலம் என்றால், நீரோட்டத்தின் வழியாக வெப்பம் கடல்விட்டுக் கடல் செல்வதே இல்லையா? (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: செல்கிறது, மெதுவாக. பசிபிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் வெப்பமண்டலத்தில் இணைக்கும் ஒரே நீர்வழி இந்தோனேசியத் தீவுகளின் இடைவெளிகள். அவற்றின் வழியாக விநாடிக்கு ஏறத்தாழ 1.5 கோடி கன மீட்டர் நீர் நம் பக்கம் பாய்கிறது. அமேசான் ஆறு கடலில் சேர்க்கும் நீரைப்போல இது பல பத்து மடங்கு. எல் நினோவுக்கு நேர்மாறாக நடுப் பசிபிக் குளிரும் லா நினா காலத்தில் மேற்குப் பசிபிக்கின் நீர்மட்டம் உயர்வதால் இந்தப் பாய்ச்சல் கூடுகிறது. எல் நினோ காலத்தில் குறைகிறது.

2010–11இல் வந்த வலுவான லா நினாவின்போது, இவ்வாறு கூடிய சூடான நீர் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கியது. 2011 தொடக்கத்தில் அங்கே சில இடங்களில் கடல் இயல்பைவிட 3 டிகிரிக்கும் மேல் சூடானது. நிங்கலூ பவளத்திட்டுப் பகுதி முதல் வெகுதூரம் தெற்குவரை இந்த வெப்ப அலை நீடித்தது. தென்பகுதியில் கெல்ப் எனப்படும் பெருங்கடற்பாசிக் காடுகள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளக் கரையில் மறைந்தன. அங்கே காற்றுவழியும் நீர்வழியும் சேர்ந்தே வேலை செய்தன.

கேள்வி: புவி வெப்பமாவதால்தான் கடல் சூடாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, எல் நினோ, ஊசலாட்டம் என்றெல்லாம் பேசுவது மக்களைத் திசைதிருப்புவதாகாதா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: திசைதிருப்பக் கூடாது என்ற உங்கள் கவலையை முழுமையாக ஏற்கிறேன். இயற்கையான ஊசலாட்டத்தைச் சாக்காகக் காட்டி மனிதர்களின் பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்கள் இருக்கவே இருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி சூடேறியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரி. இது அடித்தளம். எல் நினோ தரும் அரை டிகிரி இந்த அடித்தளத்தின் மேல் வந்து அமர்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வந்த அதே அரை டிகிரி பவளத்தின் எல்லைக்கு உள்ளேயே நின்றிருக்கும். இன்று எல்லையைத் தாண்டிவிடுகிறது. உலகளாவிய பவள வெளுப்பு முதன்முதலில் 1998இல் நடந்தது, அதன்பின் 2010, அதன்பின் 2014 முதல் 2017 வரை, நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. முதல் இடைவெளியைவிட அடுத்து வந்த இடைவெளிகள் குறுகியவை என்பதைக் கவனியுங்கள். கடுமையாக வெளுத்த ஒரு பவளத்திட்டு பழைய நிலைக்கு மீளப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படும். எந்த ஆண்டில் அடி விழும் என்பதைத் தொலைவுக் காற்றுகள் முடிவு செய்கின்றன. அந்த அடி எவ்வளவு பலமாக விழும் என்பதை நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் ஆண்டுக்கு ஆண்டு உயர்த்திக்கொண்டே போகின்றன.

கேள்வி: இதையெல்லாம் முன்கூட்டியே அறிய முடியுமா? நாங்கள் கடலில் இறங்குகிறவர்கள்; எங்களுக்கு என்ன பயன்? (ஒரு மீனவர், இராமேஸ்வரம்)

பதில்: முடியும், ஓரளவுக்கு. அந்த ‘ஓரளவு’ எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

1982–83இல் வந்த மாபெரும் எல் நினோவை அது உச்சத்தை நெருங்கும் வரை அறிவியலுலகம் அடையாளம் காணவில்லை. அந்த ஆண்டு வசந்தத்தில் மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து வானில் தூசைப் பரப்பியிருந்ததால், செயற்கைக்கோள்கள் கடலை உண்மையைவிடக் குளிர்ந்ததாகக் காட்டின. அந்த ஏமாற்றத்துக்குப் பின்தான் பசிபிக்கின் குறுக்கே ஏறத்தாழ 70 நங்கூர மிதவைகள் நிறுவப்பட்டன. அட்லாண்டிக்கில் 1997 முதலும், இந்தியப் பெருங்கடலில் 2004 முதலும் அத்தகைய மிதவை வரிசைகள் உருவாயின. இப்போது சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடல்களில் மிதவைகளை இயக்குகிறது. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன்வள வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிப்பதோடு, மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார், கட்ச் வளைகுடா ஆகிய பகுதிகளுக்குப் பவள வெளுப்பு எச்சரிக்கையும் தருகிறது. மிதவைகளின் கயிற்றை அறுப்பதும் கருவிகளைச் சேதப்படுத்துவதும் அவ்வப்போது நடக்கின்றன. ஒரு மிதவை மௌனமானால் அந்தக் கடற்பரப்புக்கே கண் போய்விடுகிறது என்பதை உங்கள் ஊர்க் கூட்டங்களில் எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

மார்ச், ஏப்ரலில் நின்றுகொண்டு, ‘இந்த ஆண்டு இறுதியில் எல் நினோ வருமா’ என்று கேட்டால் கிடைக்கும் விடையை அதிகம் நம்ப வேண்டாம். வசந்தத்தில் பசிபிக்கின் காற்றும் கடலும் எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் இருப்பதால், அக்காலக் கணிப்புகள் தவறுவது வழக்கம். 2014 வசந்தத்தில் வலுவான எல் நினோ வரக்கூடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அது அந்த ஆண்டு வரவில்லை, அடுத்த ஆண்டுதான் வந்தது. டிசம்பரில் நின்றுகொண்டு கேட்கும் கேள்விக்கு மதிப்பு வேறு. அப்போது எல் நினோ கண்ணுக்கு முன் இருக்கிறது. அதன் சூடு மார்ச் முதல் மே வரை நம் பக்கம் வந்து சேரும் என்பதை நம்பிக்கையோடு சொல்லலாம். மூன்று, நான்கு மாத அவகாசம் கிடைக்கிறது.

அந்த அவகாசத்தில் கடலைக் குளிரவைக்க யாராலும் முடியாது. ஆனால் சூட்டில் தவிக்கும் பவளத்துக்கு வேறு தொல்லைகள் சேராமல் தடுக்க முடியும். அந்தக் கோடையில் தீவுகளை ஒட்டி மடிவலை இழுக்காமலும், பவளத்தின் மேல் நங்கூரம் போடாமலும், கழிவுநீரும் சேறும் கலக்காமலும் பார்த்துக்கொண்டால், வெளுத்த பவளம் மீளும் வாய்ப்பு கூடும். வெளுப்பு என்பது உடனடிச் சாவு அல்ல. நீர் சில வாரங்களில் குளிர்ந்துவிட்டால் நுண்பாசிகள் திரும்பி வந்து நிறம் மீள்வதுண்டு. ஆகவே ஓர் எல் நினோ ஆண்டின் டிசம்பர் மாத வானிலை அறிக்கையில் பசிபிக்கின் நடுப்பகுதி இயல்பைவிட 1.5 டிகிரியோ 2 டிகிரியோ கூடுதலாக இருப்பதாகப் படித்தால், அதை அடுத்த ஏப்ரலில் உங்கள் கடலுக்கு வரவிருக்கும் செய்தியாக எடுத்துக்கொண்டு, ஹைதராபாத் மையத்தின் எச்சரிக்கைப் பக்கத்தைப் பிப்ரவரியிலிருந்தே பார்த்துவரத் தொடங்குங்கள்.